கடைக்காரரின் முழங்கால்: மூட்டுவலிக்கு நாமே செய்துகொள்ளக்கூடியவை

காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து மணிக்குத்தான் இறக்குகிறோம். மதியச் சாப்பாட்டு நேரம் போக, மீதி நேரமெல்லாம் நின்றபடியோ கல்லாவில் சம்மணமிட்டபடியோதான் வியாபாரம் நடக்கிறது. இடையே பரணில் உள்ள சரக்கை எடுக்க ஏணி ஏறுகிறோம். அடித்தட்டில் இருக்கும் எண்ணெய் டின்னை எடுக்கக் குந்துகிறோம். வேலையாள் வராத நாளில் அரிசி மூட்டையை நாமே இழுத்துப் போடுகிறோம். ஐம்பதைத் தாண்டிய வணிகர்கள் பலர் கல்லாவை விட்டு எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்றுதான் எழுந்திருக்கிறார்கள். மாதாந்திரக் கூட்டத்தை மாடியில் வைக்காமல் கீழ்த்தளத்தில் வைக்கக்கூடாதா என்று கேட்கும் உறுப்பினர்கள் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், "அண்ணாச்சி, முட்டிவலிக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்களும் நாள்தோறும் உண்டு. சுக்கு, மஞ்சள், வெந்தயம், நல்லெண்ணெய், கல்லுப்பு என்று எதையாவது எடுத்துக் கொடுக்கிறோம். ஆக, மூட்டுவலி விஷயத்தில் நாம் நோயாளிகளாகவும் இருக்கிறோம், கேட்பவர்களுக்கு யோசனை சொல்கிறவர்களாகவும் இருக்கிறோம். எது உண்மையிலேயே பலன் தரும், எது தராது, எது ஆபத்து என்பதைத் தெரிந்துவைத்துக் கொள்வது நமக்கு இரண்டு வகையிலும் அவசியம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மூட்டுவலி என்பது ஒரே நோய் அல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது மூட்டுத் தேய்மானம். தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது நாளடைவில் மெலிந்து சொரசொரப்பாகிறது. சுற்றியுள்ள எலும்பு, தசைநார், மூட்டின் உள்சவ்வு எல்லாமே அதனால் பாதிக்கப்படுகின்றன. இந்தக் குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அது தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொள்கிறது. காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிந்த மாதிரி நீர் வெளியேறுகிறது, எடுக்கும்போது மறுபடி ஊறுகிறது. அதாவது, அசைவுதான் அதற்குச் சாப்பாடு.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், நாம் செய்யும் பெரிய தவறும் புரிந்துவிடும். கால் வலிக்கிறது என்றதும் நடையைக் குறைத்து, பையனை ஏவி, கல்லாவிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். மூன்று மாதத்தில் தொடைத் தசை இளைத்துவிடுகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். அது இளைத்ததும் பாரம் முழுவதும் மூட்டின் மேலேயே விழுகிறது. வலி கூடுகிறது. வலி கூடியதால் இன்னும் அசையாமல் இருக்கிறோம். உடம்பு எடையும் ஏறுகிறது.

எடைக்கணக்கு நமக்குப் பழக்கமானது என்பதால் அதையே பார்ப்போம். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனான முதியோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அதில் தெரியவந்தது. எண்பது கிலோ உள்ள ஒருவர் ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ மிச்சம். கிட்டத்தட்ட ஒரு சின்ன அரிசி மூட்டை. அதை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இறக்கி வைக்கிறோம் என்று பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம். 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்தே பதினெட்டு மாதம் கடைப்பிடித்தவர்களுக்கு வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

எடையைக் குறைக்கச் சொன்னால், "நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான்" என்பது நம் எல்லோருடைய பதிலும். சாப்பாட்டை விடுங்கள், டீயைக் கணக்குப் பார்ப்போம். கொள்முதல் ஏஜெண்டு வந்தால் ஒரு டீ, லாரி சரக்கு இறங்கினால் ஒரு டீ, வசூலுக்கு வந்தவருக்குச் சொல்லும்போது நமக்கும் ஒன்று என்று நாளைக்கு ஆறு டீ சாதாரணமாக ஓடுகிறது. ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து கிராம் சர்க்கரை என்று வைத்தால் நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம். இதை வேறொருவர் கடனாக வாங்கிப் போனால் நோட்டில் எழுதாமல் விடுவோமா? டீயை நிறுத்தச் சொல்லவில்லை. பாதிச் சர்க்கரையில் ஆரம்பித்துப் பிறகு சர்க்கரை இல்லாமலே குடிக்கப் பழகலாம். அதோடு, கடை அடைத்துவிட்டு இரவு பத்தரை மணிக்கு மேல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுக்கும் வழக்கத்தை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கடையிலேயே செய்யக்கூடிய பயிற்சி

உடற்பயிற்சி என்றதும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டுமோ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்ற மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், முழங்கால் தேய்மானத்துக்கு அழுத்தமாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் இடம்பெற்றுள்ளன. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் சொன்னதும் இதையேதான்.

வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்தில், ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். பாதத்தை நம் பக்கமாக இழுத்துப் பிடித்து, தொடை இறுகுவதை உணர்ந்து, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. பிறகு மறு கால். காலையில் படுக்கையிலேயே, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை ஐந்து எண்ணும் வரை முழங்காலால் அழுத்தி விடுவது இன்னொரு பயிற்சி. மூன்றாவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பிக்கலாம். இவற்றோடு சமதரையில் தினமும் அரை மணி நேர நடை. ஒரே மூச்சில் முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் போதும்.

முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடுவது போலத் தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்குப் பின் வந்த வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயமில்லை, தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தால்தான் வித்தியாசம் தெரியும். புதுக் கடை திறந்து எட்டு வாரத்தில் லாபம் வரவில்லையே என்று நாம் யாரும் கடையை மூடிவிடுவதில்லை.

மாடிப்படி விஷயத்தில் ஒரு எளிய முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். கைத்தடி பிடித்தால் வயசாளி என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தில் அதைத் தொடாதவர்களும் நம்மிடையே அதிகம்.

அடுத்தது கடை அமைப்பு. வெகுநேரம் குந்துவதும், மண்டியிடுவதும், அப்படியே பாரம் தூக்குவதும் முழங்கால் தேய்மானத்தைக் கூட்டுகின்றன என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அதிகம் போகும் சரக்கையும் எடை கூடிய சரக்கையும் இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றுங்கள். அப்பளமும் சேமியாவும் பரணுக்குப் போகட்டும், எண்ணெய் டின் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை அடுக்கின் மேல் வைத்தால் ஈரமும் ஏறாது, குனியும் அளவும் குறையும். சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்று கடைக்குள் இருக்கட்டும். பாக்கெட் அரிசிக்கு 25 கிலோ வரை ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் வந்தபின், வரியைத் தவிர்க்க 26 கிலோ பைகள் சந்தைக்கு வந்தது நினைவிருக்கும். நம் முதுகுக்கும் முழங்காலுக்கும் விதித்த கூடுதல் வரி என்று அதை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சம்மணமிட்டு உட்காரும் பழைய கல்லாவை விட முடியாதவர்கள், அரை மணிக்கொரு முறையாவது எழுந்து நாலு எட்டு நடந்து வர வேண்டும். வலி வந்தவர்கள் காலைத் தொங்கவிட்டு உட்காரும் உயரமான ஸ்டூலுக்கு மாறுவதே நல்லது. வீட்டுக் கழிப்பறையிலும் உட்காரும் வகைப் பீங்கானுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பொட்டலம் கட்டும் நம் வேலையாட்களுக்கும் முழங்கால் உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும். சட்டம் வந்து வருடங்கள் ஆகியும் பல கடைகளில் ஸ்டூல் வரவில்லை. நாலு ஸ்டூலின் விலை ஒரு எண்ணெய் டின் விலைக்குள்தான் அடங்கும்.

நாம் விற்கும் சரக்கில் எது பலன் தரும்?

மஞ்சளில் ஆரம்பிப்போம், ஈரோட்டு மஞ்சள் விற்கிற நாம் வேறெதில் ஆரம்பிப்பது! மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு என்பது உண்மைதான். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நாலு வாரம் மஞ்சள் சாறு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இப்யூபுரூஃபன் சாப்பிட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் அங்கே கொடுத்தது சாறெடுத்துச் செறிவாக்கிய 1500 மில்லிகிராம். நம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் நூற்றுக்கு மூன்று பங்குதான். அந்த அளவைத் தூளாகச் சாப்பிட்டுப் பெற வேண்டுமானால் நாளைக்குப் பன்னிரண்டு தேக்கரண்டிக்கு மேல் விழுங்க வேண்டும். ஆகவே பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பது நல்ல பழக்கம், அவ்வளவுதான். அதை மருந்து என்று சொல்லி விற்க முடியாது. பாலில் மிளகுத் தூளும் சேர்த்த நம் பாட்டிமார் அறிந்தோ அறியாமலோ நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். மிளகில் உள்ள பைப்பரின், குர்குமின் ரத்தத்தில் சேர்வதைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குர்குமின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மஞ்சளை மருந்தாக நம்பி தினமும் சாப்பிடுகிறவருக்கு நாம் எந்த மஞ்சளைத் தருகிறோம் என்பதும் முக்கியம். விரலி மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஈயம் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம். கண்ணைப் பறிக்கும் நிறத்தில், சந்தை விலைக்கும் கீழே யாராவது சரக்குக் கொண்டுவந்தால் வாங்கிப் போடாதீர்கள்.

இஞ்சியும் சுக்கும் சிலருக்கு ஓரளவு வலியைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பலன் பெரிதல்ல, கெடுதலும் இல்லை. வெந்தயத்துக்கு மூட்டுவலி விஷயத்தில் உறுதியான சான்று கிடையாது. முடக்கத்தான் கீரைக்கு முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே புகழ் இருக்கிறது. தோசையாகவும் ரசமாகவும் தாராளமாகச் சாப்பிடலாம், கீரை எப்படியும் நல்லதுதான். ஆனால் தோசையை நம்பி நடையை விட்டுவிடக் கூடாது. உருளைக்கிழங்கு வாயு, தக்காளி மூட்டுக்கு ஆகாது என்று சொல்லப்படுவதற்கும் ஆதாரம் இல்லை.

நம் கடைச் சரக்கிலேயே மருத்துவ உலகம் ஓரளவு ஏற்றுக்கொண்ட ஒன்று, யாரும் எதிர்பார்க்காத மிளகாய்! அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், வலியை மூளைக்குக் கடத்தும் நரம்பு முனைகளை மரத்துப்போகச் செய்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் கேப்சைசின் களிம்பை முழங்காலில் நாள்தோறும் சில முறை தொடர்ந்து சில வாரம் தடவினால் பலன் தெரியும். முதலில் எரியும். தடவிய கையைச் சோப்பால் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. இதைப் படித்துவிட்டு மிளகாய்த் தூளை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கல்லுப்பையோ தவிட்டையோ துணியில் கட்டி வறசட்டியில் சூடேற்றிப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுப்பது, காலை நேர விறைப்புக்கு நல்ல ஆறுதல். மூட்டு வீங்கியிருக்கும்போது சூட்டைவிட, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியே பொருத்தம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டு ஒத்தடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது தசை இறுக்கத்தைத் தளர்த்தும். எண்ணெய் மூட்டுக்குள் இறங்கித் தேய்ந்ததை நிரப்பும் என்பது மட்டும் கற்பனை.

பயப்பட வேண்டிய இடங்கள்

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் இரண்டு வருடம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வியாபாரம் பார்த்தார். சீட்டு இல்லாமலே கிடைத்தது. வலியே தெரியவில்லை என்று எல்லோருக்கும் சிபாரிசும் செய்தார். கால் வீங்கி, முகம் வெளுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் பெருமளவு பழுதாகியிருந்தது. இன்று கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. மாடுகளுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றதால்தான் கால்நடைகளுக்கு அதை 2006இல் இந்தியாவில் தடை செய்தார்கள். மருந்து வேண்டியிருந்தால் முதலில் அதே மருந்தின் களிம்பைத் தடவிப் பார்க்கும்படிதான் டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். குளுக்கோசமின் மாத்திரைக்கு மாதாமாதம் செலவு செய்கிறவர்களும் யோசிக்க வேண்டும். 1583 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை.

அதைவிட மோசமானது பெயர் இல்லாத பொட்டலச் சூரணம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, சில வாரங்களில் முகம் உப்பிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இப்படிப்பட்ட சரக்கைக் கமிஷனுக்காகக் கல்லாவில் வைக்கச் சொல்லி ஆட்கள் வருவார்கள். கூடவே "மூட்டுவாதம் முற்றிலும் குணம்" என்று போர்டும் தருவார்கள். 1954ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மந்திர வைத்தியங்கள் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் மூட்டுவாதமும் இருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கொடுக்க அதில் இடமுண்டு. போர்டை மாட்டியது யாரோ என்றாலும் கடை நம்முடையது.

சில வலிகளுக்கு வீட்டு வைத்தியமே கூடாது. மூட்டு திடீரென்று சிவந்து கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் இரண்டு கை விரல்களும் விறைத்து, விறைப்பு விலக அரை மணிக்கு மேல், ஒரு மணி என்று ஆனால் அது சரவாங்கியாக இருக்கலாம். அது தேய்மானம் அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூட்டையே தாக்குவது. முதல் சில மாதங்களிலேயே தகுந்த மருந்தைத் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றிவிடலாம். கஷாயத்தில் ஒரு வருடம் போக்கினால் முடியாது. பெருவிரல் நள்ளிரவில் தீப்பிடித்தது போல் வலித்தால் யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். இதற்குப் பயந்து பருப்பையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில் கறியும் மீன் வகைகளும்தான் இந்த நோயைக் கூட்டின, பருப்பு, காய்கறிகள் கூட்டவில்லை. பருப்பு வியாபாரத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை, உண்மையே அதுதான். பீரும் இந்த நோய்க்கு எதிரி.

பயிற்சி செய்து தொடை கொஞ்சம் பலப்பட்டவர்களுக்கு ஒரு யோசனை. எலக்ட்ரானிக் தராசு வந்தபின் பழைய இரும்பு எடைக்கற்கள் பல கடைகளில் மூலையில் கிடக்கின்றன. அரைக் கிலோ கல்லைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டும் அதே பயிற்சியைச் செய்யலாம். பத்து முறை சுலபமாக முடிந்தால் ஒரு மாதம் கழித்து ஒரு கிலோ கல்லுக்கு மாறிக்கொள்ளலாம்.